பதினேழாம் எண் சிப்பி

அக்டோபரில் தைஸ்தோ தன் வயலுக்கு
வெள்ளை அடித்தார்.
ஹெக்டேருக்கு நான்கு டன் ஜிப்சம்.
பார்லி அறுத்த கட்டைத்தாளின் மேல்
பனி முந்திக்கொண்டதோ என்று
பள்ளிப் பேருந்து வேகம் குறைத்துப் போனதாம்.

களிமண்ணை அது கட்டிப்போடும்.
பாஸ்பரஸை மழையோடு ஓடவிடாது.
ஜூலையில் பால்டிக் கடலோரம் திரளும்
பச்சைக் கஞ்சி
கொஞ்சமாவது நீர்த்துப்போகும்.
துண்டறிக்கையில் எல்லாம் இருக்கிறது.
கரைந்த சல்பேட் ஹானியோகி ஆற்றில் இறங்கி
யார் வாய்க்குள் போகும் என்பதைத் தவிர.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஓட்டின் மேல் மிளகளவு காந்தம்,
ஒரு துளிப் பசை,
எதிரே உணர்கருவி, தலைமுடிக் கம்பி.
சிப்பி திறந்தால் திரையில் கோடு ஏறும்,
மூடினால் இறங்கும்.
பன்னிரண்டு தொட்டி, தொட்டிக்கு மூன்று.
முப்பத்தாறு வாய் இருந்தும்
இந்த அறையில் சத்தம் போடுவது
காற்றுக்குழாய் மட்டும்தான்.

பதினேழுக்கு நாற்பத்தொரு வளையம்.
என்னைவிட ஏழு வயது மூத்தது.
நான் பிறந்த வருடத்து வளையத்தை
நகத்தால் தேடிப் பார்த்தேன்.
மெலிந்திருந்தது. வறட்சியாக இருக்கலாம்.
எழுதிவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தைஸ்தோ வந்தார்.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு
குதிகால் தைத்த கம்பளிக் காலுறையோடு
தொட்டி தொட்டியாக நடந்தார்.
"என்னுடையது எது?"
நான்காவதைக் காட்டினேன்.
நவம்பரில் அவர் வாய்க்கால் விழுகிற இடத்தில்
எவ்வளவு கரைந்திருந்ததோ, அதே அளவு.
கன்று போடப்போகும் மாட்டிடம் குனிவதுபோல்
குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
"ராத்திரியும் இப்படித்தானா?"
ராத்திரிதான் அதிகம் திறக்கும் என்றேன்.
அது அவருக்குப் பிடித்திருந்தது,
ஏன் என்று தெரியவில்லை.

வியாழன் விடியாத மூன்று மணிக்கு
ஒரு கோடு செங்குத்தாக விழுந்தது.
பதினேழு.
வெள்ளி முழுக்க மூடியே கிடந்தது.
சனியும்.
காந்தம் கழன்றதா என்று கை விட்டுப் பார்த்தேன்.
கூழாங்கல்போல இறுகியிருந்தது.

பதினேழு இருப்பது ஒன்பதாம் தொட்டியில்.
ஒன்பதில் ஜிப்சம் கிடையாது.
வெறும் ஆற்றுநீர்,
மேல்பாலத்துக்கு அப்பால், தைஸ்தோவின் நிலம்
தொடாத இடத்தில் எடுத்தது.
எங்கள் தாளில் அதற்குப் பெயர் 'தூயது'.
மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கப்படும்.

புதன் இரவு மழை.
பெந்தியின் மேட்டு வயலில்
திங்கள்கிழமை மாட்டுச்சாணக் கரைசல்
இறைத்திருந்தார்கள், சட்டம் அனுமதித்த அளவு,
சட்டம் அனுமதித்த தேதி.
வியாழன் வந்த நீரைக் குடுவையில் தூக்கிப் பார்த்தேன்.
பால் குறைத்த தேநீர் நிறம்.
தூயதுக்கு இந்த நிறம் என்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்த அறையில் ஸைமி வளர்க்கும்
சிறுமீன்கள் காத்திருக்கின்றன.
மே மாதம் சிப்பி உமிழும் குஞ்சுகள்
அவற்றின் செவுளில் பல் பதித்துத் தொங்கவேண்டும்,
சில வாரம், ஓசிப் பயணம்.
உப்பேறிய நீரில் அந்தப் பிடி நழுவுமா?
மே வரட்டும் என்கிறாள்.
அவளுக்கு மேயில் எப்போதும் நம்பிக்கை.

ஞாயிறு தைஸ்தோவின் தொலைபேசி.
"என் தொட்டி?"
மூன்றும் திறந்திருக்கின்றன என்றேன்.
மூச்சு விட்டது கேட்டது.
பிறகு, கேட்டிருக்கவே வேண்டாம் என்பதுபோல,
"அப்படியானால் எது மூடியது?"

சொன்னேன்.
பெந்தி அவர் மனைவியின் அண்ணன்.
மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது, நின்றது.
"அறிக்கையில் பெயர் வருமா?"
தொட்டி எண் மட்டும்தான் வரும்.

மாலை நான்கரைக்குக் கோடு அசைந்தது.
மில்லிமீட்டரில் கால் பங்கு.
உள்ளே இழுத்த நீரைப் பதினேழு
உடனே துப்பியது.
மறுபடி இழுத்தது.
வேறு நீர் இல்லை அதற்கு.
நான் நேரம் குறித்தேன்.